டைனமோவை நெம்பிய காலம்

ஆனி, ஆடிச் சாரலில் ஐந்தருவிக்குப் போகும் சாலையோரம் நின்றால், சில கார்களின் பானெட்டுக்குள்ளிருந்து ‘கீச்’சென்று ஒரு சத்தம் வரும். தொய்ந்த பெல்ட், ஈரம் பட்டதும் புல்லியில் வழுக்குகிறது. இன்று அந்தச் சத்தம் கேட்டால் மெக்கானிக்கைத் தேடுகிறோம். அம்பாசிடர் ஓட்டியவர்கள் டிக்கியைத் திறந்து ஜாக்கி லீவரை எடுத்தார்கள்.

1958இல் வங்காளத்தின் உத்தரப்பாராவிலிருந்து வரத் தொடங்கிய அந்த வண்டியில் டென்ஷனர் என்று தனி உறுப்பு கிடையாது. கிராங்க் புல்லி, விசிறியோடு சேர்ந்த வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் ஒரே ‘வி’ பெல்ட் சுற்றி ஓடியது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் வேலையும் டைனமோவுக்குத்தான். அதன் போல்ட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே லீவரைக் கொடுத்து வெளிப்பக்கம் நெம்ப வேண்டும். நெம்பிய கை விடாமல், மறுகையால் ஸ்பேனரை முடுக்க வேண்டும். பிறகு பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் ஓர் அழுத்து. அரை அங்குலம் போல அமுங்கினால் சரி. அதிகம் தொய்ந்தால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது, ரேடியேட்டர் கொதிக்கும். ரொம்ப விறைத்தால் பேரிங் தேயும். அளவுகோல் விரல்தான்.

செங்கோட்டை தாண்டிப் புளியரையின் எஸ் வளைவுகளில் ஏறி ஆரியங்காவு போகிறவர்களுக்கு இந்த வேலை தெரிந்தே ஆகவேண்டும். ஏற்றத்தில் வண்டி ஊரும். முன்னாலிருந்து காற்று அதிகம் வராது. விசிறிதான் எஞ்சினைக் காப்பாற்றும். பெல்ட் அறுந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும், சற்று நேரத்தில் ஆவி கிளம்பும். டிரைவருக்கு அங்கே வேறு ஆள் ஏது? லைசென்ஸ் எடுக்கும் முன்பே, கிளீனராக இருந்த நாளிலேயே கைக்கு வந்துவிட்ட வேலை இது. பெல்ட்டுக்கும் தூரம் போக வேண்டியதில்லை. மதுரையிலேயே ஃபென்னர் ஆலை இருந்தது.

மாருதி 800 1983இல் வந்தபோது ரேடியேட்டர் விசிறிக்குத் தனியாக மின்மோட்டார் வைத்தார்கள். அதற்குப் பிறகும் நம் ஒர்க்‌ஷாப்புகளில் ‘ஃபேன் பெல்ட்’ என்ற பெயர் போகவில்லை.

பெரிய மாற்றம் அமெரிக்காவில் தொடங்கியது. 1979 ஃபோர்டு மஸ்டாங்கில் பல பெல்ட்டுகளுக்குப் பதிலாக, வரிவரியான தட்டைப் பெல்ட் ஒன்றே எல்லாவற்றையும் சுற்றியது. இப்படி ஆல்டர்னேட்டர், ஏசி, பவர் ஸ்டியரிங் எல்லாம் ஒரே பெல்ட்டில் தொங்கும்போது தொய்வைத் தானே சரிசெய்ய ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் தேவைப்பட்டது. நெம்பும் வேலையை ஸ்பிரிங் எடுத்துக்கொண்டது. அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் பழுது பார்க்க வழியில்லை. முழுதாக மாற்றத்தான் வேண்டும். எஞ்சின் குறுக்காக உட்கார்ந்த பல கார்களில் முன்சக்கரத்தைக் கழற்றினால்தான் கை நுழையும். பெல்ட்டைத் தடம் மாற்றிப் போட்டுவிட்டால் பம்ப் தலைகீழாகச் சுழலவும் கூடும். இந்த வேலைக்கு மெக்கானிக்குக் கூலி கொடுப்பது நியாயமான செலவு.

ஆனால் கோளாறைக் கண்டுபிடிப்பதையும் அவரிடமே விட்டுவிட்டோம். அது தேவையில்லாத இழப்பு. எஞ்சின் ஓடும்போது, கை படாத தூரத்திலிருந்து பெல்ட்டின் வரிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். சத்தம் சற்று நேரம் அடங்கினால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். கூடினால் பெல்ட்டில் இழுப்பு போதவில்லை. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, சூடு ஆறியபின் பெல்ட்டைக் கழற்றி டென்ஷனர் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்க்கலாம். கரகரத்தால் பேரிங் போய்விட்டது. புளியரை ஏறும் முன் தென்காசியிலேயே மாற்றிவிட வேண்டும்.