மீட்பனின் முகம், வில்லனின் உடல்: அறிவியல் புனைவுப் பெருங்கதைகளில் தீர்க்கதரிசனம்

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டூன்’ 1965இல் நூலாக வந்தது. மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற சில்ட்டன் என்ற பதிப்பகம்தான் அதை அச்சிட்டது. அதற்கு முன்பே, ஜான் காம்ப்பெல் ஆசிரியராக இருந்த ‘அனலாக்’ இதழில் அக்கதை இரண்டு தொடர்களாக வெளிவந்திருந்தது. முதல் நாவலை விரும்பி ஏற்ற அதே காம்ப்பெல், அதன் தொடர்ச்சியான ‘டூன் மெசையா’வைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாயகன் நாயகனாக நிற்கவில்லை என்பதே அவருடைய குறை. அந்த நாவல் 1969இல் ‘கேலக்ஸி’ இதழில் இடம்பெற வேண்டியதாயிற்று. மக்கள் ஒரு தலைவனிடம் தம்மை ஒப்புக்கொடுப்பதால் நேரும் பேரழிவைச் சொல்லவே இந்தக் கதைவரிசையை எழுதியதாக ஹெர்பர்ட் பிற்காலத்தில் பலமுறை விளக்கினார். அப்படியானால், தேர்ந்த பத்திரிகையாசிரியர் உள்பட அத்தனை பேரும் முதல் நாவலை மீட்பனின் வெற்றிக் கதையாகவே வாசித்தது ஏன்? வாசகரின் கவனக்குறைவு என்பது வழக்கமான பதில். அது போதாது. ஒரு பெருங்கதையில் வரும் தீர்க்கதரிசனத்தை நம்புவதா, சந்தேகிப்பதா என்பதை வாசகருக்கு உணர்த்துவது நாயகனின் குணமோ ஆசிரியரின் நோக்கமோ அல்ல, வில்லனின் உருவம்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். தீமை முழுவதும் வில்லனின் உடலில் குடியேறிவிட்டால் தீர்க்கதரிசனத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த உருவத்தில் நாயகனின் சாயல் தட்டும்போதுதான் கேள்வி பிறக்கிறது.

புராணத்தில் தீர்க்கதரிசனத்துக்கு உற்பத்தியாளர் கிடையாது. தேவகியின் எட்டாவது பிள்ளையால் உனக்குச் சாவு என்று அசரீரி சொன்னதும் கம்சன் நடுங்குகிறானே தவிர, அந்தக் குரல் யாருடையது, அதனால் யாருக்கு ஆதாயம் என்று விசாரிப்பதில்லை. விசாரித்தால் கதை நின்றுவிடும். அறிவியல் புனைவு அந்த விசாரணையைத் தட்டிக்கழிக்க முடியாத வகைமை. எதற்கும் ஒரு பொறிமுறை காட்டியாக வேண்டும். ‘டூன்’ இதை மிக வெளிப்படையாகச் செய்கிறது. பெனெ ஜெசெரிட் என்ற பெண்கள் அமைப்பு, தன் உறுப்பினர் எவரேனும் அந்நியக் கிரகத்தில் சிக்கிக்கொண்டால் பிழைக்க உதவும் என்று, மிஷனாரியா புரொடெக்டிவா என்ற தன் பிரிவின் வழியாகக் கிரகந்தோறும் கட்டுக்கதைகளை விதைத்து வைத்திருக்கிறது. அராக்கிஸ் கிரகத்துக்கு வந்திறங்கும், நாயகனின் தாயும் அவ்வமைப்பின் உறுப்பினருமான ஜெசிகாவை வீட்டுப் பணிப்பெண் ஷடௌட் மேப்ஸ் ஒரு கத்தியைக் காட்டிச் சோதிக்கும் காட்சி இதற்குச் சிறந்த சான்று. அக்கத்தி மரணத்தை ஆக்குவது என்று சொல்ல வாயெடுக்கிறாள் ஜெசிகா. ‘ஆக்குவது’ என்ற பொருள்படும் சொல் வந்த மாத்திரத்தில் மேப்ஸ் அலறிவிடுகிறாள். பாலைநிலத்து ஃப்ரெமன் மக்களின் மறைமொழியில் அது ராட்சத மணற்புழுவைக் குறிக்கும் சொல். கத்தி அந்தப் புழுவின் பல்லால் ஆனது. பாதி வாக்கியத்தில் ஒரு தெய்வப் பெண் உருவாகிவிடுகிறாள். ஜெசிகா மீதி வாக்கியத்தை விழுங்கிக்கொள்கிறாள். நம்பிக்கை எப்படித் தயாராகிறது, எப்படிச் செலவாகிறது என்பதை வாசகர் கண்ணெதிரே பார்க்கிறார். பார்த்தும் நானூறு பக்கம் தள்ளி அதே நம்பிக்கை வெல்லும்போது மகிழ்கிறார்.

இந்த மறதிக்குக் காரணம் பாரன் விளாடிமிர் ஹார்கோனன். அவன் நாவலில் நுழைவதே துண்டு துண்டாகத்தான்: நிழலுக்குள்ளிருந்து நீளும், மோதிரங்கள் மின்னும் கொழுத்த கை, அது சுழற்றும் கிரக உருண்டை, பிறகு அடித்தொண்டைக் குரல், அத்தியாயத்தின் முடிவில்தான் முழு உடல். இருநூறு கிலோ எடையில் ஐம்பதை மட்டுமே கால்கள் தாங்க, மீதியை மிதவைக் கருவிகள் தூக்கிப் பிடிக்கின்றன. பெருந்தீனி, இளைஞர்கள் மீதான வன்காமம், உறவினரிடமும் நம்பிக்கையின்மை என்று அருவருப்புக்குரியவை அனைத்தும் அந்த ஒரே உடலில் சேர்த்துக் கட்டப்பட்டுள்ளன. தன்பால் விருப்பத்தையும் கொடூரத்தையும் ஒன்றாகப் பிசைந்த அந்தச் சித்திரிப்பு இன்று கடுமையாக விமர்சிக்கப்படுவது நியாயமே. ஆனால் என் கவலை வேறு. இந்த உடலின் பின்னால் பாரனின் அரசியல் திட்டம் மறைந்துபோகிறது. தம்பி மகன் ரப்பானை அனுப்பி அராக்கிஸ் மக்களைக் கசக்கிப் பிழியச் செய்வது, அவர்கள் துடிக்கும் வேளையில் ரப்பானின் தம்பி ஃபெய்ட் ரௌதாவை அனுப்பி மீட்பனாகக் கொண்டாட வைப்பது என்பதே அத்திட்டம். அதாவது பாரனும் ஒரு மீட்பனைத் தயாரிக்கிறான். பெனெ ஜெசெரிட் பெண்கள் நூற்றாண்டுக் கணக்கில் செய்ததை அவன் சில ஆண்டுகளில் செய்து முடிக்கப் பார்க்கிறான், அவ்வளவே. இன்னும் கிட்டத்தில் போனால், பாரன்தான் ஜெசிகாவின் தந்தை. ஜெசிகாவுக்குப் பெண் பிறந்திருந்தால் அவளை ஃபெய்டுக்கு மணமுடித்து, அவர்களுக்குப் பிறப்பவனையே எதிர்பார்த்த மீட்பனாக்குவது அந்த அமைப்பின் கணக்கு. நாயகனும் வில்லனின் வாரிசும் ஒரே இனப்பெருக்கத் திட்டத்தின் இரு பாதிகள். நாவல் இதையெல்லாம் ஒளிக்கவில்லை. ஆயினும் வாசகர் நினைவில் தங்குவது திட்டமல்ல, மிதக்கும் அந்தச் சதைமலை.

வேறு எச்சரிக்கைகளும் நூலில் உண்டு. நாயகன் பால் அட்ரெய்டிஸின் நல்ல தந்தையான கோமகன் லேட்டோ, தன் ஆட்சியின் பெருமையை மக்களுக்குச் சொல்லப் பிரசாரப் படை வேண்டும் என்று மகனுக்குக் கூச்சமின்றிப் பாடம் நடத்துகிறான். பாலைவனத்தில் சாகக் கிடக்கும் சூழலியலாளர் கைன்ஸின் மயக்கத்தில் வரும் தந்தையின் குரல், ஒரு நாயகனின் கையில் சிக்குவதைவிடப் பெரிய கேடு உன் மக்களுக்கு வர முடியாது என்ற கருத்தை நேராகவே சொல்கிறது. அத்தியாயங்களின் தலையில் இளவரசி இருலான் எழுதியதாக வரும் பகுதிகள், பாலைப் பற்றிய புனித நூல்கள் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டதைக் காட்டுகின்றன. பாரனின் உடலுக்கு முன் இவை எதுவும் வாசகர் நினைவில் நிற்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். வாசகர் பாலின் மனத்துக்குள் இருந்தபடியே கதையைப் பார்க்கிறார், நாவலும் அவனுடைய வெற்றியில் முடிகிறது. அதனால் அவன் பக்கம் சாய்கிறார், இதில் பாரனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நோக்குநிலைக்குப் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இதைச் சோதித்துப் பார்க்க ஹெர்பர்ட்டே வாய்ப்புத் தந்திருக்கிறார். ‘டூன் மெசையா’வில் எழுத்தாளர் அவரே, நாயகன் அவனே, தீர்க்கதரிசனமும் அதே. வாசகர் பாலின் மனத்துக்குள் இருப்பதும் மாறவில்லை. பெரிதாக மாறியது எதிரணி. பாரன் செத்துப்போனான். அவன் இடத்தில் ஒரு சதிக்கூட்டம் இருக்கிறது. அதன் முக்கிய உறுப்பினன் ஸ்கைட்டேல் நினைத்த முகத்தை எடுத்துக்கொள்ளும் முகமாற்றி. அவனுக்கென்று நிலையான உருவமே இல்லை. வெறுப்பை இறக்கிவைக்க உடல் கிடைக்காதபோது வாசகரின் பார்வை நாயகன் பக்கம் திரும்புகிறது. தன் புனிதப் போரில் 6,100 கோடிப் பேர் செத்தார்கள், 90 கிரகங்கள் உயிரற்றுப்போயின என்று பால் கணக்குச் சொல்லும் காட்சி அப்போதுதான் உறைக்கிறது. அதே உரையாடலில் அவன் செங்கிஸ்கானையும் ஹிட்லரையும் எடுத்துக்காட்ட, ஹிட்லர் கொன்றவர்களின் எண்ணிக்கையைக் கேட்ட தளபதி ஸ்டில்கர், அது அப்படியொன்றும் பெரிய எண் இல்லையே என்கிற தோரணையில் பதில் சொல்கிறான். காம்ப்பெல்லின் ஏமாற்றம் இந்த மாற்றத்தை அவர் சரியாகவே உணர்ந்ததன் அடையாளம் என்பேன்.

பாலுக்கு எதிர்காலம் உண்மையிலேயே தெரிகிறதே, அப்படியிருக்க தீர்க்கதரிசனத்தை வெறும் தயாரிப்பு என்பது எப்படிப் பொருந்தும் என்பது இன்னொரு மறுப்பு. இதில் இரண்டு விஷயங்கள் குழம்புகின்றன. பாலின் முன்னறிவு, மரபணுத் தேர்விலிருந்தும் மசாலாப் போதைப்பொருளிலிருந்தும் வருவது. ஃப்ரெமன் மக்களின் எதிர்பார்ப்பு, விதைக்கப்பட்ட கதையிலிருந்து வருவது. இரண்டும் ஒரே ஆளிடம் சந்திப்பதால் ஒன்று மற்றொன்றை மெய்யாக்கிவிடாது. தனக்குத் தெரியும் எதிர்காலத்தில் புனிதப் போரையும் பார்க்கிறான் பால், தடுக்க வழி தேடுகிறான், முடியவில்லை. முன்னறிவு அவனுக்குத் தந்த செய்தியே, அந்தக் கதை அவனைவிட வலியது என்பதுதான்.

‘ஸ்டார் வார்ஸ்’ இதற்கு நேர் எதிரான வழியில் வந்தது. 1977இல் வெளியான முதல் படத்தில் தீர்க்கதரிசனம் என்று எதுவும் இல்லை. டார்த் வேடர் இருக்கிறான்: கறுப்புக் கவசம், சாமுராய்த் தலைக்கவசத்தின் சாயல், இயந்திர மூச்சு. அவனைச் சுற்றியிருக்கும் அதிகாரிகளின் சீருடையும் படைவீரர்களின் பெயரும் நாஜி ஜெர்மனியை நினைவூட்டுகின்றன. எல்லாத் தீமையும் ஓர் உருவில் குவிந்ததால் இதுவும் பாரனைப் போன்றதுதானே என்று தோன்றும். வேறுபாடு முகமூடியில் இருக்கிறது. உடல் என்பது வில்லனின் இயல்பு; முகமூடி கழற்றக்கூடியது, கழற்றினால் உள்ளே யார் என்ற கேள்வியை எப்போதும் வைத்திருப்பது. 1980இல் வந்த இரண்டாம் படத்தில், டகோபா கிரகத்துக் குகையில் நாயகன் லூக் ஒரு மாய வேடரின் தலையை வெட்டுகிறான். முகமூடி வெடித்துத் திறக்க, உள்ளே லூக்கின் முகமே தெரிகிறது. 1983இல், தன் தந்தையே என்று தெரிந்துவிட்ட வேடரின் இயந்திரக் கையைத் துண்டித்த கணத்தில் லூக் தன் கறுப்புக் கையுறையைப் பார்க்கிறான். அந்தக் கையும் இயந்திரம். அவன் வாளை அணைப்பதற்கு வாதமோ உபதேசமோ தேவைப்படவில்லை. இரண்டு கைகளின் ஒப்புமை போதுமாயிருந்தது. ‘தேர்ந்தெடுக்கப்பட்டவன்’ என்ற தீர்க்கதரிசனம் 1999இல்தான் வருகிறது, அதுவும் ஒன்பது வயது அனாக்கினைப் பற்றி. அவன் எந்த முகமூடிக்குள் போய் முடிவான் என்பது திரையரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வில்லனின் உருவம் இருபது ஆண்டுகள் முந்திக்கொண்டதால், அந்தத் தீர்க்கதரிசனத்தை எவரும் நிம்மதியாக நம்ப முடியாமல் போயிற்று. 2005இல் வந்த படத்தில் அது தவறாகப் பொருள்கொள்ளப்பட்டிருக்கலாம் என்று யோடாவே சொல்ல வேண்டிவந்தது.

அனாக்கின் 1983இன் முடிவில் பேரரசனைத் தூக்கியெறிந்து தீர்க்கதரிசனத்தை நிறைவேற்றிவிட்டானே என்பவர்களுக்கு ஜார்ஜ் லூக்கஸின் ஆதரவும் உண்டு. ஆனால் அந்தக் காட்சியில் எந்தப் பாத்திரமும் தீர்க்கதரிசனத்தை நினைக்கவில்லை. ஒரு தந்தை மகனைக் காப்பாற்றுகிறான். நிறைவேற்றம் என்பது பின்னால் ஒட்டவைத்த பெயர். இதைவிட வலுவான சான்று டிஸ்னி காலத்து மூன்று படங்களில் கிடைக்கிறது. 2015இல் கைலோ ரென் உடல்தேவை எதுவுமின்றி முகமூடி அணிகிறான், தாத்தா வேடரின் கருகிய முகமூடியிடம் முறையிடுகிறான். 2017இல் அவன் தன் முகமூடியைச் சுவரில் மோதி நொறுக்குகிறான். நாயகி ரேயின் பெற்றோர் பேர் தெரியாத சாமானியர்கள் என்று சொல்லப்படுவதும் அதே படத்தில்தான். 2019இல் முகமூடி சிவப்புக் கீறல்களோடு ஒட்டவைக்கப்படுகிறது. ரே பேரரசன் பால்பட்டீனின் பேத்தி என்று மாற்றப்படுவதும் அதே படத்தில். முகமூடி உடைந்தபோது வம்சப் பெருமையும் உடைந்தது, ஒட்டியபோது அதுவும் ஒட்டிக்கொண்டது. இயக்குநர்கள் மாறியதுதான் காரணம் என்று சொல்லலாம். இருவரும் இந்த இரண்டையும் சேர்த்தே கையாண்டார்கள் என்பது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

‘மேட்ரிக்ஸ்’ வரிசையை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் அது தன் சூத்திரத்தைத் தானே சொல்லிவிடுகிறது. 2003இல் வந்த இரண்டாம் படத்தில், மீட்பன் பற்றிய தீர்க்கதரிசனமே இயந்திரங்களின் கட்டுப்பாட்டு உத்தி, நியோ ஆறாவது ஆள் என்று வடிவமைப்பாளன் விளக்குகிறான். அந்த நீண்ட பிரசங்கம் பலருக்குச் சலிப்பூட்டியது. அதைவிடச் சுருக்கமாக வேலை செய்வது, படத்தின் தொடக்கத்தில் ஸ்மித் ஓர் உறையில் வைத்து நியோவுக்கு அனுப்பும் காதுக்கருவி. நியோவால் அழிக்கப்பட்டதால் விடுதலையான வில்லன் அவன். அதே கோட்டு, அதே கறுப்புக் கண்ணாடி, ஆனால் ஆணை கேட்கும் கருவி இல்லை. ‘ஒருவன்’ என்று அழைக்கப்படும் நாயகனுக்கு எதிரே நூறாகப் பெருகும் வில்லன் நிற்பது, பிரசங்கம் சொன்னதையே காட்சியாகச் சொல்கிறது.

‘டூன்’ திரைவடிவங்கள் என் வாதத்துக்கு ஒரு சாதகத்தையும் ஒரு சங்கடத்தையும் தருகின்றன. டேவிட் லிஞ்ச்சின் 1984ஆம் ஆண்டுப் படத்தில் பாரனின் முகமெல்லாம் கொப்புளங்கள். வில்லனின் அருவருப்பு உச்சத்தில் இருக்கும் அந்தப் படம்தான் பால் மழை பெய்விக்கும் அற்புதத்தோடு முடிந்து அவனை ஐயத்துக்கிடமின்றித் தெய்வமாக்குகிறது. சங்கடம் தெனி வில்னவ். அவருடைய பாரனும் குறைந்தவனல்ல. 2024ஆம் ஆண்டுப் படத்தில் ஹார்கோனன் உலகின் வெளிப்புறக் காட்சிகளை அகச்சிவப்புக் கேமராவில் எடுத்து, கறுப்புச் சூரியனின் கீழ் நிறமே இல்லாத மனிதர்களாகக் காட்டுகிறார். அப்படியிருந்தும் படம் மீட்பனைச் சந்தேகிக்கிறதே? சந்தேகிக்கிறது, ஆனால் அதற்காக அவர் நாவலைத் திருத்த வேண்டியிருந்தது. நாவலில் உடன்பட்டு நிற்கும் பாலின் காதலி சானியை நம்ப மறுப்பவளாக்கினார். நாவலில் பாலின் குழந்தைத் தங்கை அலியா கொல்லும் பாரனைப் படத்தில் பாலே, தாத்தா என்று அழைத்துக் கொல்கிறான். வில்லனின் உடலில் நாயகனின் இரத்தம் ஓடுவதை உரத்துச் சொன்ன பிறகே அந்தச் சந்தேகம் நிலைபெறுகிறது. விதிவிலக்காகத் தோன்றியது விதியையே ஒப்புக்கொள்கிறது. அதே 2024இல் வந்த ‘கல்கி 2898 ஏடி’ படத்தில் இத்தகைய திருத்தம் எதுவும் இல்லை. கமல்ஹாசன் நடித்த யாஸ்கின் உலர்ந்து ஒடுங்கிய உடலோடு, கருவிலிருந்து எடுக்கும் சாரத்தால் உயிர் தரிக்கப் பார்ப்பவன். அவ்வளவு முழுமையான வில்லன் இருக்கையில், கல்கி வருவார் என்று சொன்னது யார் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை. விண்கலங்களும் இயந்திரங்களும் இருந்தாலும் அது கம்சன் கதைதான். குற்றமாகச் சொல்லவில்லை, வகைமையைச் சொல்கிறேன்.

அறிவியல் புனைவைப் பாடமாக வைக்கும் துறைகள் பெரும்பாலும் ‘டூன்’ முதல் நாவலோடு நிறுத்திக்கொள்கின்றன. அதன் கூடவே ‘டூன் மெசையா’வையும் வையுங்கள், இரண்டாம் நாவலில் ஸ்கைட்டேலும் கூட்டாளிகளும் சதி பேசும் தொடக்க அத்தியாயத்தையும், முதல் நாவலில் பாரன் அறிமுகமாகும் அத்தியாயத்தையும் அடுத்தடுத்து மாணவர்களிடம் படிக்கக் கொடுங்கள்.