சுண்ணாம்பு பூசிய கலயம்

பெங்களூரில் பணிபுரியும் நண்பர் ஒருவர் வரும் ஐப்பசியில் தூத்துக்குடிக்கு வருவதாக எழுதியிருந்தார். இரண்டே நாள் பயணம். எந்த ஊருக்குச் சென்றாலும், அங்கேயே சிறிய அளவில் பியர் காய்ச்சிப் பரிமாறும் மதுவகங்களைத் தேடிப் போவது அவர் வழக்கம். பெங்களூரில் 2010ஐ ஒட்டிப் பரவத் தொடங்கிய அந்த மோகம் இன்று அந்நகரின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டது. உங்கள் கடற்கரையில் அப்படிப்பட்ட இடங்கள் எவை, நேரம் குறைவாதலால் இரண்டு மூன்றைத் தேர்ந்து சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

கடிதத்தை நாங்கள் கூடியிருந்தபோது படித்தோம். முதலில் சிரிப்புத்தான் வந்தது. உப்பளமும் துறைமுகமும் உள்ள ஊரில் நுண்மதுவகத்துக்கு எங்கே போவது? பிறகு எங்களுள் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "இல்லாமல் என்ன? இந்தக் கடற்கரை நெடுக இருந்தன. எல்லாம் மரத்தின் உச்சியில் இருந்தன." அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. நண்பருக்கு எழுதவேண்டிய பதில் இக்கட்டுரையாக நீண்டுவிட்டது.

பனையின் பாளையை இடுக்கியால் நெருக்கிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிக் கலயம் கட்டினால் சாறு சொட்டும். வெறுங்கலயமாயின், காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் வாழும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையை உடனே உண்ணத் தொடங்கும். சில மணி நேரத்தில் அது பியரை ஒத்த வலிமையுள்ள கள்ளாகிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் நொதித்தல் தடைப்பட்டு இனிப்பான பதநீர் கிடைக்கும். மரம் ஒன்றே, ஏறுபவரும் ஒருவரே. இடையில் இருப்பது ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு. அந்த ஒரு பூச்சைச் சுற்றித்தான் இப்பகுதியின் குடிவரலாறு சுழன்றிருக்கிறது என்பது எங்கள் எண்ணம். ஆகவே நண்பருக்கான இடங்களை அந்த வரலாற்றைக் கொண்டே தேர்ந்தோம்.

முதலிடம் கொற்கை. தூத்துக்குடிக்குத் தெற்கே, ஏரலுக்கு அருகில் உள்ள சிற்றூர். பாண்டியரின் முத்துத்துறையாக இருந்த இவ்வூரில் இன்று கடல் இல்லை. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் அதனைச் சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1968-69இல் இங்கு நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. ஆனால் நாங்கள் கொற்கையைத் தேர்ந்ததற்குக் காரணம் அகழாய்வன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் புகழும் இடத்தில் கொற்கையைக் குறிக்கிறது. முத்தையும் சங்குவளையையும் சொன்ன கையோடு, கள்ளை உணவாகக் கொண்ட குடிகளின் பாக்கத்தையும் சொல்கிறது. கடலில் மூழ்கி எழுந்தவன் கரையில் என்ன குடித்தான் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நமக்குத் தேவையில்லை.

இதனருகே வேறொரு பாட்டை வைத்துப் பார்க்கலாம். புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த நறுமணமிக்க குளிர்ந்த மதுவை, மகளிர் பொற்கலத்தில் ஏந்தி ஊட்ட, நாளும் மகிழ்ந்து வாழ்க என்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிநூலும் மேற்கிலிருந்து இந்தியத் துறைகளுக்கு வந்த பண்டங்களில் திராட்சை மதுவைக் குறிப்பிடுகிறது. பாண்டியனுக்குரிய கொற்கையில் முத்தெடுத்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் அதே நூல் சொல்கிறது. ஆக, ஒரே நாட்டில் இரண்டு குடிகள். கப்பலில் வந்தது அரண்மனைக்கு; மரத்திலிருந்து இறங்கியது பாக்கத்துக்கு. ஒன்றுக்குப் பொற்கலம், மற்றதற்குப் பனையோலைப் பட்டை. கொற்கைக் குளக்கரையில் ஒரு மணிநேரம் நின்று நண்பர் நினைக்கவேண்டியது இதுதான். பின்னர் வந்த ஈராயிரம் ஆண்டுகளில் இந்த ஏற்பாடு பெரிதாக மாறிவிடவில்லை.

கொற்கைக்கு அடுத்துத் துறையாக எழுந்த காயலை எங்கள் பட்டியலில் சேர்ப்பதா என்று விவாதித்தோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வருணித்த பெருந்துறை அது. ஆனால் அவர் மாபார் நாட்டைப் பற்றிப் பொதுவாகச் சொல்லும்போது, இங்குள்ளோர் பெரும்பாலும் மது அருந்துவதில்லை என்றும், மது அருந்துபவனையும் கடலோடியையும் சாட்சியாகவோ பிணையாகவோ ஏற்பதில்லை என்றும் எழுதுகிறார். கடலால் வாழ்ந்த நாட்டில் கடலோடியின் சொல்லுக்கு மதிப்பில்லை என்பது வேடிக்கைதான். அவர் யாருடைய திண்ணையில் அமர்ந்து இதைக் கேட்டார் என்று ஊகிக்கலாம். பாக்கத்தில் கேட்டிருக்க மாட்டார். இரண்டு நாள் பயணத்தில் காயலை விட்டுவிடலாம் என முடிவு செய்தோம்.

தூத்துக்குடி நகரை விடவேண்டியதில்லை, நண்பர் இரவு தங்கப்போவது இங்கேதான். போர்த்துக்கீசியர் முத்துக்காக வந்ததும், 1658இல் டச்சுக்காரர்கள் அவர்களிடமிருந்து ஊரைப் பறித்ததும், 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடவாமற் போனதும் பலரும் எழுதியவை. நாம் கவனிக்கவேண்டியது வேறு. கடலடியில் கிடந்த சிப்பியை எவ்வாறு அரசுகள் தம் உரிமை என்றனவோ, அவ்வாறே மரத்திலிருந்து வடிந்த சாற்றையும் அரசு தன் வருவாயாகக் கண்டது. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் வரிக்குள் கொண்டுவந்தது. கள்ளுக்கு விடும் மரத்துக்கு மரவரி. சுண்ணாம்பு பூசாத கலயம் வரிக்குரியதாயிற்று. கள்ளுக்கடைகள் ஏலத்தில் போயின.

இரண்டாம் இடம் குலசேகரப்பட்டினம். இன்று இவ்வூரின் பெயர் செய்தித்தாளில் வருவது, 2024இல் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளத்துக்காக. நூறாண்டுக்கு முன்பு இங்கே ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ் அண்டு சுகர் ஃபேக்டரீஸ் என்னும் நிறுவனம் பனங்கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையை நடத்தியது. அதற்கென்றே, முதல் உலகப்போர்க் காலத்தில், திசையன்விளை வரை ஒரு சிறு ரயிலையும் ஓட்டியது. 1940இல் ரயில் நின்றது. தேரி மணலில் அந்தத் தண்டவாளம் இன்று இல்லை. தனித்தனி மரத்தின் தனித்தனி ருசியை ஒரே வெள்ளைச் சர்க்கரையாக்கும் முயற்சி அது. பார்ப்பதற்கு அங்கு அதிகம் மிஞ்சவில்லை என்பதே அங்கே போகக் காரணம்.

மூன்றாம் இடம், அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள உடன்குடிப் பக்கத்து விடிலி ஒன்று. பதநீர் காய்ச்சும் குடிசையை இங்கு விடிலி என்பார்கள். விடியுமுன் மரமேறி இறக்கிய பதநீரைப் பெண்கள் மணிக்கணக்கில் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். கால்டுவெல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியைப் பற்றி எழுதியபோது, பனையேறிகளின் வீட்டில் பதநீரும் கருப்பட்டியும் உணவாகவே இருந்ததைப் பதிவு செய்தார். அதாவது, கள் மட்டுமே இம்மரத்தின் பயன் என்பது வெளியிலிருந்து வந்தவர் பார்வை. மரமேறியவரின் குடும்பத்துக்கு அது முதலில் சோறு. உடன்குடிக் கருப்பட்டி இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. சீனி கலந்த போலிகளோடு அது சந்தையில் மல்லுக்கட்டுவதும் உண்மை.

விடிலியில் நண்பர் நிச்சயம் கேட்பார்: கள் எங்கே? பதில் ஆண்டுகளால் ஆனது. இந்தியாவின் நவீன மதுவிலக்கு 1937இல் ராஜாஜியின் ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்த்தப்பட்டு, 1973இல் கள்ளுக்கடையும் 1974இல் சாராயக்கடையும் மூடப்பட்டன. 1981இல் மீண்டும் திறந்து, 1987 ஜனவரி முதல் நாளோடு கள்ளும் சாராயமும் நின்றன. நிற்காதது ஒன்று உண்டு. இந்தியாவில் தயாராகும் அயல்நாட்டு மதுவகை என்னும் விநோதப் பெயருடைய அது, 2003 முதல் அரசு நிறுவனத்தின் சொந்தக் கடைகளிலேயே விற்கப்படுகிறது. யவனர் இல்லை, கப்பல் இல்லை. ஆயினும் அயல் என்னும் சொல்லுக்கு இன்னும் பொற்கலம் கிடைக்கிறது. கேரளத்திலும் புதுச்சேரியிலும் இலங்கையிலும் சட்டப்படி இறங்கும் கள், இங்கே இறங்கினால் குற்றம். 2025 ஜூனில் பெரியதாழையில் தடையை மீறிக் கள் இறக்கும் போராட்டமும் நடந்தது.

இதனால் நாங்கள் கள்ளுக்கடைக்கு வக்காலத்து வாங்குவதாக எண்ணவேண்டாம். எங்களுள் சிலருடைய பாட்டிமார் கள்ளுக்கடை வாசலில் கணவனின் கூலிக்காகக் காத்து நின்றவர்கள். அந்தக் காத்திருப்பை அறியாமல் மதுவிலக்கைப் பழிப்பது எளிது. மரத்திலிருந்து விழுந்து முறிந்த முதுகுகளையும் நாங்கள் கண்டிருக்கிறோம். பனையேறியின் மகன் ஏற மறுப்பதில் நியாயமுண்டு. நாங்கள் கேட்பது ஒன்றே. குடி தீது எனில் எல்லாக் கலத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டாமா? மரத்தில் ஏறியவனின் கலயத்துக்கு மட்டும் சுண்ணாம்பு என்பது எந்த அறத்தில் சேரும்?

2021இல் அரசு, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என அறிவித்தது. நல்ல செய்திதான். ஆனால் வெட்டாமல் விட்ட மரம் தானாகச் சாறு தராது. பாளையை எவ்வளவு நெருக்குவது, எந்நாளில் சீவத் தொடங்குவது என்பதெல்லாம் கையிலிருந்து கைக்கு வந்த அறிவு. கள்ளோ பதநீரோ, அந்தக் கை இருந்தால்தான் எதுவும்.

நண்பருக்கு இவ்வாறு எழுதி முடித்தோம்: முதல் நாள் மாலை கொற்கை, இரவு தூத்துக்குடி, மறுநாள் விடியுமுன் புறப்பட்டு உடன்குடி, திரும்பும் வழியில் குலசேகரப்பட்டினம். விடிலியில் ஓலைப் பட்டையில் பதநீர் தருவார்கள்; நாக்கின் அடியில் சற்றே சுண்ணாம்பு தட்டும், முகம் சுளிக்கவேண்டாம். இன்னொன்றும் எழுதினோம். ஐப்பசியில் பாளை இருக்காது, ஏறுபவர்களும் வேறு கூலிக்குப் போயிருப்பார்கள். பயணத்தைப் பங்குனிக்குத் தள்ளிவைக்க முடியுமா?