மட்டாஞ்சேரி மிளகும் ஆண்டுக் கணக்கும்



ஆண்டு முடிந்ததும் பெருநிறுவனங்கள் தம் விற்பனைத் தொகையை உலகறிய வெளியிடுவது இக்கால வழக்கம். தொகை ஏறினால் வளர்ச்சி என்கிறோம். இறங்கினால் தளர்ச்சி என்கிறோம். இம்முடிவு எப்போதும் பொருந்துமா? புகைப்படக் கருவிகளும் அலுவலகப் பொறிகளும் செய்யும் ஜப்பானின் கேனன் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2007ஆம் ஆண்டில் அதன் விற்பனை ஏறத்தாழ 4,48,000 கோடி யென். நோய்த்தொற்று பரவிய 2020இல் அது 3,16,000 கோடியளவுக்கு இறங்கிற்று. 2024இல் 4,50,000 கோடியைக் கடந்து பழைய உச்சத்தையும் விஞ்சிற்று. ஆயின், 2007இல் ஒரு டாலருக்கு 118 யென் அளவில் இருந்த மாற்று விகிதம் 2024இல் 151 அளவில் நின்றது. டாலரில் கணக்கிட்டால் 2007இன் விற்பனை ஏறத்தாழ 3,800 கோடி. 2024இன் விற்பனை ஏறத்தாழ 3,000 கோடியே. யென்னில் உச்சமாகத் தோன்றுவது டாலரில் சரிவாகத் தோன்றுகிறது.

ஆகவே, விற்பனைத் தொகையை மட்டும் கண்டு ஒரு நிறுவனத்தின் நலத்தை அறிந்துவிட முடியாது. இவ்வுண்மைக்குப் பழஞ்சான்று ஒன்று கொச்சியில் இருக்கிறது. அதனை இன்று ஆராய்வோம்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் மூலதனம் ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர். பொதுமக்களும் பங்கு வாங்கலாம் என்று அறிவித்ததால், ஆம்ஸ்டர்டாம் கிளையில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பணம் செலுத்தினர். பெருவணிகரோடு வீட்டுப் பணிப்பெண்ணும் தன் சிறு சேமிப்பை அதில் இட்டாள். ஆறு நகரங்களின் கிளைச் சபைகளும், அவற்றுக்கு மேல் பதினேழு இயக்குநரும், கீழ்த்திசையில் பட்டேவியாவில் தலைமை நிலையமுமாக அந்நிறுவனம் அமைந்தது.

1663ஆம் ஆண்டு ஜனவரியில் ஒல்லாந்தர் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டை கம்பெனியினுடையது; அதன் அருகிருந்த மட்டாஞ்சேரியோ அரசரும் வணிகரும் வாழ்ந்த ஊர். போர்த்துகீசியர் 1555இல் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த மாளிகையை ஒல்லாந்தர் பழுதுபார்த்தனர். அதனாலேயே அது இன்றும் ‘ஒல்லாந்தர் மாளிகை’ எனப்படுகிறது. இந்த நட்புக்கு ஒரு விலை இருந்தது. நாட்டு மிளகு முழுவதையும் கம்பெனிக்கே, குறித்த விலைக்கே விற்கவேண்டும் என்பது உடன்படிக்கை.

ஒப்பந்தம் ஏட்டில் நின்றது, மிளகு நிற்கவில்லை. கம்பெனி கொடுத்த விலையைவிட வெளியார் கூடுதலாகக் கொடுத்தனர். அஞ்சுதெங்கில் ஆங்கிலேயர் இருந்தனர். பின்னர் மாகியில் பிரெஞ்சுக்காரர் வந்தனர். எருதுகளின் முதுகில் ஏறி, மலைக் கணவாய்களைக் கடந்து, பாண்டி நாட்டுச் சந்தைகளுக்கும் மிளகு சென்றது. கொடியைப் பேணி, காயைப் பறித்து, வெயிலில் உலர்த்திய குடியானவன் நல்ல விலை கிடைத்த இடத்தை நாடியதில் வியப்பில்லை. அவ்வழிகளை அடைக்கக் காவற்படகும் காவற்சாவடியும் வேண்டியிருந்தன. குறைந்த விலைக்கு வாங்கி மிச்சப்படுத்த எண்ணிய பணம் காவலுக்கே கரைந்தது.

காவலோடு போரும் சேர்ந்தது. 1715 முதல் 1717 வரை சாமூதிரியோடு கம்பெனி பொருதது. 1741இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரிடம் தோற்றது. 1743இல் அம்மன்னர் மிளகு வாணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். பறித்த மிளகு அரசுப் பண்டகசாலைக்கே வரவேண்டும் என்றாயிற்று. 1753இல் மாவேலிக்கரையில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, கம்பெனி மலையாள நாட்டு அரசர்களின் பூசல்களில் தலையிடாது ஒதுங்கி நிற்க இசைந்தது. விலையை விதித்து வந்தவர்கள் மன்னரிடம் மிளகு கேட்டு நிற்கும் நிலைக்கு வந்தனர்.

இவ்வளவு இடர்களுக்கிடையிலும் மட்டாஞ்சேரியில் வாணிகம் நடந்தது. அதற்குத் துணைநின்றவர்களுள் தலையாயவர் யூத வணிகர் எசக்கியேல் ரஹபி. 1771இல் மறையும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் கம்பெனிக்கு வணிகராகவும் அரசர்களிடம் தூதராகவும் விளங்கினார். 1568இல் எழுந்த யூதர் ஆலயத்துக்கு 1760இல் அவர் கட்டிய மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. அதன் கடிகார முகங்களில் வெவ்வேறு எழுத்துகளில் மணி குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரே தெருவில் எத்தனை மொழியாளர் வணிகம் செய்தனர் என்பதற்கு அது சான்று.

மிளகு தளர்ந்தபோது கம்பெனியின் விற்பனை தளர்ந்ததா? இல்லை, வளர்ந்தது! 1619–21இல் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற அதன் சரக்கின் மதிப்பில் பாதிக்கு மேல் மிளகே. 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிளகின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சுருங்கிற்று. பாதிக்கு மேல் துணியும் பட்டும் பிடித்துக்கொண்டன. அத்துணியில் நம் சோழமண்டலக் கரையின் நெசவும் அடங்கும். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஒல்லாந்தர் கோட்டை கட்டியது அதன்பொருட்டே. புகைப்படக் கருவியோடு தொடங்கிய கேனனும் இவ்வாறே மாறியது. 2023இல் அதன் விற்பனையில் பாதிக்கு மேல் அச்சுப் பொறி சார்ந்தவை. புகைப்படத்துறை சார்ந்தவை ஐந்தில் ஒரு பங்கே. பெயரை வாங்கித் தந்த பண்டம் வேறு, ஆண்டுத் தொகையை நிரப்பும் பண்டம் வேறு ஆவது வாணிகத்தில் இயல்பு.

கம்பெனியின் ஐரோப்பிய விற்பனை 1760 முதல் 1770 வரையான பத்தாண்டில் 20 கோடி கில்டரைக் கடந்தது. நூறாண்டுக்கு முன் இருந்ததைப்போல் இது இரு மடங்குக்கும் மேல். விற்பனையை மட்டும் நோக்கினால் இதுவே பொற்காலம். ஆயின் கோட்டைகள், படைகள், கப்பல்கள் ஆகியவற்றின் செலவு அதனினும் விரைந்து ஏறிற்று. ஆசியக் கணக்கு பட்டேவியாவிலும், ஐரோப்பியக் கணக்கு நெதர்லாந்திலும் தனித்தனியே எழுதப்பட்டன. இரண்டையும் ஒன்றாக்கி, முழு நிறுவனமும் ஈட்டியது இவ்வளவு, இழந்தது இவ்வளவு என்று காட்டும் கணக்கு இல்லை. ஆண்டுதோறும் ஏலத்தில் பணம் வந்தது. பங்குதாரருக்கு ஈவுத்தொகை சென்றது. ஈட்டியதற்கு மேல் ஈந்த ஆண்டுகளும் உண்டு. உள்ளே கடன் வளர்ந்தது. 1780இல் ஆங்கிலேயரோடு மூண்ட போர் அந்நிலையை வெளிப்படுத்திவிட்டது. 1781இல் நாகப்பட்டினமும் 1795இல் கொச்சியும் ஆங்கிலேயர் வசமாயின. 1796இல் அரசு கம்பெனியை ஏற்றது. 1799ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அதன் உரிமைப் பட்டயம் முடிந்தது. உச்ச விற்பனைக்கும் இறுதிக்கும் இடையே ஏறத்தாழ 30 ஆண்டுகளே.

கம்பெனி மறைந்தும் மட்டாஞ்சேரியின் மிளகு மறையவில்லை. 1957இல் வணிகர்கள் அங்கு மிளகு, நறுமணப் பொருள் வாணிகச் சங்கம் ஒன்றை அமைத்தனர். மிளகின் விலைப்போக்கை அறிய உலக வணிகர் கொச்சியை நோக்கினர். ஒல்லாந்தப் படையினரின் ஆடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து தம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர் என்று கூறும் தமிழ்க் குடும்பங்கள் கொச்சிக் கோட்டைப் பகுதியில் இன்றும் வாழ்கின்றன. அழைத்தவர் போயினர்; உழைக்க வந்தவர் வேரூன்றினர்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மிற் பலர் கடை நடத்துகிறோம். அலுவலகங்களில் கணக்கு எழுதுகிறோம். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை நிறுவனப் பங்குகளில் இடுகிறோம். அன்று பணிப்பெண் இட்ட சேமிப்புக்கும் இதற்கும் தன்மையில் வேறுபாடில்லை. எனவே ஆண்டு விற்பனை எவ்வளவு என்ற வினாவோடு நாம் நின்றுவிடலாகாது. அது எந்த நாணயத்தில் எண்ணப்பட்டது, அதனை ஈட்ட ஆன செலவு யாது, கடன் எவ்வளவு, சரக்கை விளைத்தவனுக்கு உரிய விலை கிடைத்ததா என்ற நான்கையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். பதினேழு இயக்குநர்கள் இவற்றைக் காலத்தே கேட்டிருப்பின், கொச்சியின் மிளகுக் கொடியே அவர்களுக்கு விடை கூறியிருக்கும்.