தொழிலாளி வீட்டு இயந்திரம்
டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் கடந்து வந்த பாதை



விடிவதற்கு இன்னும் ஒரு நாழிகை இருக்கும். பெரட்டுக்கு ஆள் கூடும் நேரம். லயத்துக் கோடியில் யாரோ ஒருவர் மோட்டார் சைக்கிளை உதைப்பார். முதல் உதைக்கு அது இருமும். இரண்டாவது உதைக்கு முனகும். மூன்றாவது உதைக்கு மணி அடித்தாற்போல் ஒலியெழுப்பி, நீலப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும். அந்த ஓசையைக் கேட்டே, "இன்னார் பால் வெட்டப் போகிறார்" என்று வீட்டில் படுத்திருக்கும் பிள்ளைகள் கூடச் சொல்லிவிடுவார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வண்டியின் வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் எங்கிருந்து வந்தது? அதை நம்மவர்கள் ஏன் இவ்வளவு விரும்பினார்கள்? இன்று அது ஏன் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம்.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரிலிருந்து தொடங்குவது பொருத்தம். தோட்டத்தின் கதையைத் துறைமுகத்தில் ஏன் தொடங்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். தோட்டமும் துறைமுகமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். நம் முன்னோர் வெட்டிய பால், உறைந்து, தகடாகி, புகைபட்டு, மலாயாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து கப்பலேறியது. தஞ்சோங் பகார் கப்பல்துறைக் கம்பெனி 1864இல் தொடங்கியது. 1905இல் அரசாங்கம் அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. அந்தக் கப்பல்துறையில் சுமை ஏற்றி இறக்கியவர்களிலும் தமிழர்கள் பலர் இருந்தார்கள். 1924இல் ஜோகூர் பாலம் முறையாகத் திறக்கப்பட்டது. 1932இல் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் எழுந்தது. தோட்டத்திலிருந்து புறப்பட்ட ரயில் பாதை கடலோரத்தில் போய் முடிந்த இடம் அதுதான்.

ரயிலும் கப்பலும் சரக்குக்காக ஏற்பட்டவை. தொழிலாளியின் சொந்தப் பயணத்துக்கு என்ன இருந்தது? கால்நடை, சைக்கிள், தோட்டத்து லாரி, இவ்வளவுதான். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கிராணியிடமோ துரையிடமோ போய் நின்று வண்டி கேட்க வேண்டும். பட்டணத்தில் படம் பார்க்க வேண்டுமானால் லாரி போகும் நாள் வரை காத்திருக்க வேண்டும். பிறருடைய வண்டிக்குக் காத்திருப்பவனுடைய நேரம் அவனுடையதல்ல.

இந்த நிலையை மாற்றியவை சிறிய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்கள். ஹோண்டா கம்பெனி 1958இல் கப் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ அதை மலாயாவுக்குக் கொண்டு வந்தார். மக்கள் அதற்கு இட்ட செல்லப் பெயர்தான் கப்சாய். அது நான்கு வீச்சு இயந்திரம் கொண்டது. அதற்குப் போட்டியாக யமஹா, சுசுகி கம்பெனிகள் இரண்டு வீச்சு இயந்திரம் பொருத்திய வண்டிகளை அனுப்பின. நாம் டூ-ஸ்ட்ரோக் என்று சொல்வது இவற்றைத்தான்.

இந்த இயந்திரத்தின் பிறப்பு ஜப்பானில் அல்ல. இங்கிலாந்தில் பாத் என்னும் ஊரிலிருந்த ஜோசப் டே என்பவர், 1890ஆம் ஆண்டையொட்டி, வால்வு இல்லாத எளிய டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தை உருவாக்கினார். 1925இல் ஜெர்மனியின் அடால்ஃப் ஷ்னூர்லே, புதுக் காற்று உள்ளே சுழன்று வந்து பழைய புகையை வெளியே தள்ளும்படி துவாரங்களை அமைக்க வழி கண்டார். அந்த முறையைக் கையாண்ட ஜெர்மன் கம்பெனி டி.கே.டபிள்யூ. 125 சி.சி. அளவில் அது செய்த ஆர்.டி. 125 என்னும் வண்டியை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல நாடுகள் பார்த்துப் பார்த்துச் செய்தன. இங்கிலாந்தில் அது பி.எஸ்.ஏ. பான்டம் ஆயிற்று. ஜப்பானில் 1955இல் யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான ஒய்.ஏ.1 ஆயிற்று. சிவந்த நிறம் காரணமாக ஜப்பானியர் அதைச் சிவப்புத் தும்பி என்று அழைத்தார்கள்.

இயந்திரம் வேலை செய்யும் விதத்தையும் சற்றுப் பார்ப்போம். நான்கு வீச்சு இயந்திரத்தில் பிஸ்டன் இரண்டு முறை மேலேறி இரண்டு முறை கீழிறங்கினால்தான் ஒரு தடவை எரிபொருள் வெடித்து உந்து சக்தி தரும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு. ஆகவே சின்ன இயந்திரமே பெரிய இயந்திரத்தைப் போல் இழுக்கும். சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. வால்வு இல்லை, வால்வை இயக்கும் சங்கிலியும் இல்லை. அசையும் உறுப்புகள் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு.

நம்மவர்களின் மனத்தைக் கவர்ந்தது இந்த எளிமைதான். நாலைந்து சாவிகளும் ஒரு திருப்புளியும் இருந்தால் போதும். மரத்தடியில் சாக்கை விரித்து, சிலிண்டர் தலையைக் கழற்றி, பிஸ்டன் மேல் படிந்த கரியைச் சுரண்டி, ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து, மாலைக்குள் வண்டியைப் பூட்டிவிடலாம். பெரிய இயந்திரங்கள் எல்லாம் முதலாளியுடையவை. தொழிலாளி அவற்றைத் தொடலாம், திறக்கக் கூடாது. இந்த இயந்திரத்தை அவன் திறந்தான். எரிதல், அழுத்தம், உராய்வு என்னும் பௌதிகப் பாடங்களைப் பள்ளிக்கூடம் கற்றுத் தருவதற்கு முன்பே அவன் கைவிரலால் படித்துக்கொண்டான். தகப்பன் சாவியைக் கேட்க, மகன் எடுத்துக் கொடுக்க, எத்தனையோ மெக்கானிக்குகள் இப்படித்தான் உருவானார்கள்.

எண்ணெய்க் கணக்கும் ஒரு பாடமே. நான்கு வீச்சு இயந்திரத்தில் எண்ணெய் தனியே தங்கியிருந்து சுழலும். டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே சென்று எரிந்துவிடும். பழைய வண்டிகளில் இருபது, இருபத்தைந்து பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று கையாலேயே கலந்தார்கள். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் கரியும் புகையும் மிகும். 1964இல் யமஹா தனி எண்ணெய்த் தொட்டியும் சிறு பம்பும் வைத்து, எண்ணெய் தானாகவே கலக்கும்படி செய்தது.

வண்டியைத் திறக்கத் தெரிந்தவனுக்கு அதை மாற்றிப் பார்க்கும் ஆசையும் வரும். முதலில் பற்சக்கரத்தை மாற்றினார்கள். பின்சக்கரத்தில் பல் கூடினால் இழுவை கூடும், ஓட்டம் குறையும். குறைந்தால் இதற்கு நேர்மாறு. மேட்டுப் பாதையில் சுமையேற்றிச் செல்பவருக்கு இந்த மாற்றம் பயன்பட்டது. பிறகு கார்புரேட்டரை மாற்றினார்கள். சிலிண்டரின் துவாரங்களை அரத்தால் ராவினார்கள். கடைசியில் எக்சாஸ்ட் குழாயில் கை வைத்தார்கள்.

அந்தக் குழாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்னும் பொறியியலாளர் இருந்தார். டூ-ஸ்ட்ரோக்கின் குழாய் வெறும் புகைபோக்கியன்று என்பதைத் தம் பந்தய வண்டிகளில் அவர் செய்து காட்டினார். குழாயை நடுவில் அகட்டி, முடிவில் குறுக்கினால், வெளியேறும் புகையின் அழுத்த அலை எதிரொலிபோல் திரும்பி வரும். தப்பியோடும் புது எரிபொருளை அது சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும். 1961இல் அவருடைய 125 சி.சி. இயந்திரம் 25 குதிரைத் திறனை எட்டியது. அதே ஆண்டில் அவருடைய பந்தய வீரரான எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டுத் தப்பி, அந்த நுட்பத்தோடு ஜப்பானின் சுசுகியிடம் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது.

இதிலிருந்து இளைஞர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். குழாயின் நீளமும் அகலமும் கணக்கு. கணக்கை அறியாமல் குழாயை அறுத்தால் ஓசைதான் கூடும். திறன் பெரும்பாலும் குறையும். ஊரை எழுப்பும் வண்டியெல்லாம் வேகமான வண்டி அல்ல.

வேகத்துக்கும் ஒரு காலத்தில் தனி மேடை இருந்தது. சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரிக்ஸ் பந்தயங்கள் நடைபெற்றன. பொதுச் சாலைகளை அடைத்து, ஏறக்குறைய 4.8 கிலோமீட்டர்ச் சுற்றில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. ஜப்பானிய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் கூரிய ஓசையைச் சனங்கள் சாலையோரத்தில் நின்று கேட்டார்கள். உயிர்ச் சேதங்களும் நேர்ந்தன. 1973க்குப் பிறகு பந்தயம் நிறுத்தப்பட்டது. தேர்ந்த ஓட்டிகளுக்கே அந்தச் சாலை ஆபத்தாக இருந்தது. இரவில் ஊர்ச் சாலையில் பந்தயம் விடுகிற பிள்ளைகளுக்கு எப்படியிருக்கும்? மலேசியாவில் சாலை விபத்தில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. 1973இலேயே அங்கு தலைக்கவசச் சட்டம் வந்தது. ஆனாலும் சந்தைக்குப் போகும் குறுக்குப் பாதையில் கவசம் கைப்பிடியில்தான் தொங்குகிறது!

டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் புகழ்பெற்றவற்றுள் ஒன்று யமஹா ஆர்.எக்ஸ்.இசட். 1985இல் மலேசியாவில் அறிமுகமான அது 2011 வரை உற்பத்தியில் இருந்தது. அதே 1985இல் இந்தியாவில் ஆர்.எக்ஸ். 100 வந்தது, 1996இல் நின்ற பிறகும் தமிழ்நாட்டு இளைஞர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். 2024இல் திரெங்கானுவில் ஆர்.எக்ஸ்.இசட். அன்பர்கள் கூடியபோது, வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன.

இவ்வளவு அன்புக்குரிய வண்டி ஏன் விடைபெற வேண்டும்? அதன் எளிமையே அதற்கு எதிரியாயிற்று. பழைய புகையை வெளியேற்றும்போது கொஞ்சம் புது எரிபொருளும் சேர்ந்து வெளியேறிவிடுகிறது. பழைய வகை இயந்திரங்களில், சில வேளைகளில், கால் பங்குக்கும் மேலான பெட்ரோல் எரியாமலே போய்விடும். அதோடு எரிந்த எண்ணெயின் புகையும் சேர்கிறது. விலை மலிவாயிருக்கக் காரணமான அதே அமைப்புத்தான் காற்றைக் கெடுக்கவும் காரணம். அந்தப் புகையை முதலில் சுவாசித்தவர்கள் வண்டியில் போனவர்களும் லயத்தில் இருந்தவர்களுமே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

சிங்கப்பூரில் 1990 மே மாதம் முதல் வண்டி வாங்க உரிமைச் சான்றிதழ் வேண்டும் என்றாயிற்று. அதன் ஆயுள் பத்தாண்டு. 2003க்குப் பின் புகை விதிகள் கடுமையாயின. 2018 ஏப்ரலில் தேசியச் சுற்றுப்புற வாரியம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2003 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்களை ஐந்தாண்டுக்குள் பதிவு நீக்கியவர்களுக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை கிடைத்தது. சாதாரணப் பதிவில் எஞ்சியிருப்பவை 2028 ஜூன் 30ஆம் தேதிக்குப் பின் சாலையில் ஓட முடியாது. சிங்கப்பூரின் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே கடைசி நாள்.

ஊக்கத்தொகை ஓர் இயந்திரத்துக்கு விலையாகலாம். முதல் சம்பளத்தில் வாங்கிய வண்டி, மனைவியைப் பிரசவத்துக்கு ஏற்றிச் சென்ற வண்டி, மகளைத் தேர்வு மண்டபத்தில் இறக்கிவிட்ட வண்டி என்றால் அதற்கு எதை விலையாகச் சொல்வது? அதே சமயம், அந்த மகளின் பிள்ளைக்கு நல்ல காற்று வேண்டாமா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் சுவாசத்தை முன்னே வைப்பதுதான் முறை என்பது நம் கருத்து.

மீண்டும் தஞ்சோங் பகாருக்கு வருவோம். அந்த ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி புறப்பட்டது. தென்கிழக்காசியாவின் முதல் கொள்கலன் முனையம் என்று 1972இல் பெருமையோடு தொடங்கிய அத்துறைமுகமும், 2027க்குள் துவாசுக்கு இடம் மாறுவதாகத் திட்டம். ரப்பர் வந்த பாதையும் போயிற்று; கப்பல்துறையும் போகிறது; புகைவிட்ட வண்டியும் போகிறது. ஆனால் நிலையக் கட்டடத்தை இடித்துவிடவில்லை. 2011இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்துப் பாதுகாத்தார்கள்.

கட்டடத்தைப் பாதுகாக்க அரசாங்கம் இருக்கிறது. கைத்திறனைப் பாதுகாக்க வேண்டியவர்கள் நாம்தான். ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய வண்டியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பெரியவர் இருந்தால், பிள்ளைகளை அவரிடம் அனுப்புங்கள். எண்ணெய்க் கணக்கையும், ஓசையைக் கேட்டே பழுதைச் சொல்லும் வித்தையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளை அந்தப் பிள்ளைகள் மின்சார வண்டியைப் பழுது பார்ப்பார்கள். அதில் புகை இருக்காது, கரி இருக்காது, சாவிகளும் வேறாக இருக்கும். ஆனால், "இதைத் திறந்து பார்த்தால் நமக்கும் புரியும்" என்ற துணிவு அப்போதும் வேண்டும். அந்தத் துணிவைத் தந்தது இந்தச் சின்ன இயந்திரம்.