மிஸ்ரின் அடுப்பும் பதுளைப் பெட்டியும்

பதுளையிலும் சுற்றியுள்ள தோட்ட லயங்களிலும் கோழி வளர்க்கும் நம்மில் பலர் இன்குபேட்டரைப் புதுச் சாமான் என்றே நினைக்கிறோம். ஆனால் இஸ்லாத்துக்கு முன்பிருந்தே மிஸ்ர் தேசத்தார் அடுப்புச் சூட்டில் குஞ்சு பொரிக்கவைத்தார்கள். 1200ஆம் ஆண்டளவில் அங்கு சென்ற பக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீப், சாணத் தீயில் நடக்கும் அந்தத் தொழிலை விரிவாக எழுதிவைத்தார். அதன் பரம்பரைத் தொழிலாளர் முட்டையைக் கண்ணிமையில் வைத்தே சூடு பார்ப்பார்களாம். 1749இல் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூரும் அதைப் பின்பற்றி நூல் எழுதினார்.

கணக்கு இன்றும் அதுதான்: ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ், 21 நாள். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்படியொரு ராவில் மலைக்குளிருக்குப் பெட்டி மட்டும் போதாது. கம்பளி போர்த்தி, சுடுதண்ணிப் போத்தல் வைத்து, தொட்டுச் சூடறியும் கையும் வேணும். பெட்டியை வாங்கிக்கொடுக்கிற நாம் அந்தக் கைப்பழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்.