ஆறடி வார்: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நாயும் பூனையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசியப் பூங்காக்களுக்கு நாயையோ பூனையையோ அழைத்துச் செல்பவர், அதை ஆறடிக்கு மேற்படாத வாரில் பிடித்திருக்க வேண்டும். இல்லையெனில் கூண்டில் அடைத்து வைத்திருக்க வேண்டும். ஆறடி என்பது ஏறத்தாழ 1.8 மீட்டர். நாட்டின் கூட்டாட்சி விதிமுறைத் தொகுப்பில் இடம்பெற்றுள்ள இந்த விதி பார்வைக்கு மிக எளியது. செல்லப்பிராணியைக் கட்டி வைக்கும் வழக்கம் அங்கே ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழமையானது. ஆனால் அந்தக் கயிறு யாரிடமிருந்து யாரைக் காக்கிறது என்ற கேள்விக்கான விடை மட்டும் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது.

குதிரை வண்டிகளின் காலம்

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. 1886 முதல் 1918 வரை அது ராணுவத்தின் காவலில் இருந்தது. அக்காலத்தில் பயணிகள் பலர் குதிரை வண்டிகளில் வந்து, கூடாரமடித்துத் தங்கிப் பூங்காவைச் சுற்றிப் பார்த்தனர். நாய்களும் உடன் வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறையில் இருந்த விதிகளின்படி, நாயை வண்டிக்குள் ஏற்றிச் செல்ல வேண்டும் அல்லது வண்டியின் பின்னால் பிடித்து நடத்திச் செல்ல வேண்டும். கூடாரமடித்த இடத்தில் முகாமின் எல்லையை அது தாண்டக் கூடாது. விலங்குகளையும் பறவைகளையும் அது விரட்டாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு. விதியை மீறித் திரியும் நாய் கொல்லப்படும் என்றும் வெளிப்படையாக எழுதி வைத்திருந்தார்கள்.

1916இல் தேசியப் பூங்காச் சேவை தொடங்கப்பட்டது. அதன் தொடக்க ஆண்டுகளில் பல பூங்காக்களின் விதிகள் இன்னும் கடுமையாக இருந்தன. பூனைக்கு அனுமதியே இல்லை. பூங்காவைக் கடந்து அப்பாலுள்ள இடங்களுக்குச் செல்வோரின் நாய்களுக்கு மட்டும், கட்டப்பட்ட நிலையில், வழி விடப்பட்டது. பூனைக்கு அந்தச் சலுகைகூடக் கிடைக்கவில்லை. மரமேறிப் பறவையைப் பிடிக்கும் பிராணியை வண்டியில் கட்டி அழைத்துப் போவதை அன்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இந்த விதிகளின் நோக்கம் மான், எல்க், பறவைகள் ஆகியவற்றைக் காப்பது. அதே நோக்கம்தான் ஓநாய்களின் அழிவுக்கும் வழிவகுத்தது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மானைக் கொல்லும் விலங்கு எதுவாயினும் அது பகை என்று நிர்வாகம் கருதியது. யெல்லோஸ்டோனில் எஞ்சியிருந்த கடைசி ஓநாய்கள் 1926இல் கொல்லப்பட்டன. வாரில் கட்டுண்ட நாய்க்கும் சுடப்பட்ட ஓநாய்க்கும் அன்று ஒரே நியாயம்தான் சொல்லப்பட்டது.

அலாஸ்காவின் விதிவிலக்கு

அலாஸ்காவில் 1917இல் மௌண்ட் மெக்கின்லி என்ற பெயரில் தொடங்கி, பின்னர் தெனாலி எனப் பெயர் மாறிய பூங்காவில் கதை வேறு. அதன் முதல் கண்காணிப்பாளர் ஹாரி கார்ஸ்டென்ஸ் 1921இல் பொறுப்பேற்றார். பனி மூடிய அந்தப் பரப்பில் கள்ள வேட்டைக்காரர்களைப் பிடிக்க அவருக்குக் கிடைத்த வாகனம் நாய்கள் இழுக்கும் பனிவண்டிதான். இன்றும் அங்கே அரசின் நாய்க்கொட்டில் இயங்குகிறது. குளிர்காலத்தில் காவலர்கள் அந்த நாய்களோடு ரோந்து செல்கிறார்கள். கோடையில் வரும் பயணியின் நாய்க்கோ பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகளில் இடமில்லை.

வெந்நீர் ஊற்றுகள்

மோட்டார் வண்டிகள் 1915 ஆகஸ்டில் யெல்லோஸ்டோனுக்குள் அனுமதிக்கப்பட்டன. அதன் பிறகு வருகை பெருகியது. நாயின் இடம் காரின் பின்னிருக்கையானது. இதனால் புதிய ஆபத்து ஒன்று தோன்றியது. வண்டியின் பின்னால் நடந்து வந்த நாய்க்குச் சுற்றியுள்ள நிலம் கொஞ்சமாவது பழகியிருக்கும். பல மணி நேரம் அடைபட்டிருந்த நாயோ, கதவு திறந்ததும் பாய்ந்து வெளியேறுகிறது.

1981 ஜூலை 20 அன்று ஃபவுன்டன் பெயின்ட் பாட் பகுதியில் நிறுத்தப்பட்ட ஒரு வண்டியிலிருந்து நாயொன்று தப்பி ஓடி, செலஸ்டைன் என்னும் வெந்நீர்க் குளத்தில் குதித்தது. நீரின் வெப்பம் 94 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தது. அங்கே இருந்தவர்கள் கூவித் தடுத்தும் கேளாமல், நாயை மீட்க 24 வயது இளைஞர் ஒருவர் தலைகீழாகப் பாய்ந்தார். உடல் முழுவதும் வெந்த நிலையில் மறுநாள் மருத்துவமனையில் அவர் இறந்தார். நாயும் பிழைக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபரில், அதே பூங்காவின் மற்றோர் ஊற்றருகே ஏறக்குறைய அதே நிகழ்ச்சி மீண்டும் நடந்தது. காரிலிருந்து நாய் பாய்ந்தது. அதைப் பிடிக்க 20 வயதுப் பெண் நீரில் இறங்கினார். அவருடைய தந்தை அவரை வெளியே இழுத்தார். கடுமையான தீப்புண்களோடு அவர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். நாய் இறந்தது.

இரண்டு நிகழ்ச்சிகளும் வண்டியின் கதவருகே தொடங்கியவை. தெளிந்த நீல நிறத்தில் தெரியும் அந்த நீர் கொதிநிலைக்கு அருகில் இருப்பது நாய்க்குத் தெரியாது. ஊற்றைச் சுற்றியுள்ள தரையும் பல இடங்களில் மெல்லிய ஓடு போன்றதுதான். மிதித்தால் உடைந்து உள்வாங்கும். ஆகவே யெல்லோஸ்டோனில் நாய்க்கும் பூனைக்கும் மரப்பலகை நடைபாதைகளிலும் ஊற்றுப் பகுதிகளிலும் காட்டுப்பாதைகளிலும் அனுமதி இல்லை. சாலை, வண்டி நிறுத்துமிடம், முகாம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்குள் மட்டும் வாரில் நடத்தலாம். கதவைத் திறப்பதற்கு முன்பே வாரை மாட்டிக் கையில் சுற்றிக்கொள்வது சிறிய செயல்தான். அந்த இரு நாய்களின் சாவுக்கும் நடுவில் நின்றிருக்கக்கூடியது அதுவே.

ஐல் ராயல் தீவின் ஓநாய்கள்

சுபீரியர் ஏரியில் உள்ள ஐல் ராயல் 1940இல் முழுமையான தேசியப் பூங்காவாயிற்று. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் உறைந்த ஏரியின் மீது நடந்து ஓநாய்கள் அங்கே குடியேறின. மூஸ் மான்களுக்கும் ஓநாய்களுக்கும் இடையிலான உறவை ஆராய 1958இல் தொடங்கிய ஆய்வு இன்றும் தொடர்கிறது. எனவே தீவில் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை ஓநாய்கள் இருந்தன என்பது எண்ணிக்கையாகவே பதிவாகியுள்ளது.

1980இல் 50 ஓநாய்கள் இருந்தன. 1982இல் எஞ்சியவை 14. காரணமாகக் கண்டறியப்பட்டது பார்வோ வைரஸ். நாய்களைத் தாக்கும் இந்த நோய் 1978இல்தான் உலகெங்கும் புதிதாகப் பரவியது. பூனைகளைத் தாக்கும் வைரசுக்கு மிக நெருங்கிய உறவுடையது. அது மனிதர் வழியாகவே தீவுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. யாரோ அழைத்து வந்த நாய் காரணமாக இருக்கலாம். காலணியில் ஒட்டிவந்த கழிவாகவும் இருக்கலாம். பார்வோ வைரஸ் நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறி, மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு கிடக்கும். நாயின் கழிவைப் பையில் எடுத்துச் செல்ல வேண்டும் என்ற விதியைப் பலர் வெறும் துப்புரவு விஷயமாக நினைக்கிறார்கள். ஐல் ராயலில் நடந்ததை அறிந்தவர்கள் அப்படி நினைப்பதில்லை.

நோய் மறைந்த பிறகும் ஓநாய்கள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை. சிறிய கூட்டத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் குறைபாடுகள் பெருகின. 1995இல் மூஸ் மான்கள் ஏறத்தாழ 2,400 என்ற அளவை எட்டி, அடுத்து வந்த கடுங்குளிரில் பெருமளவில் மடிந்தன. 2016 முதல் 2018 வரை தீவில் இருந்தவை இரண்டே ஓநாய்கள். 2018, 2019ஆம் ஆண்டுகளில் வெளியிலிருந்து 19 ஓநாய்கள் கொண்டுவந்து விடப்பட்டன. முன்பு ஓநாயைக் கொன்ற அதே சேவை, இப்போது ஓநாயை நாயிடமிருந்து காக்கிறது. ஐல் ராயலில் செல்லப்பிராணிகளுக்கு இடமே இல்லை. பூங்காவின் எல்லை ஏரிக்குள் நாலரை மைல் நீள்கிறது. அதற்குள் படகிலிருந்து இறங்காத நாய்க்கும் தடை உண்டு.

இடத்துக்கு இடம் வேறுபாடு

எல்லாப் பூங்காவும் இவ்வளவு கண்டிப்பானதல்ல. வர்ஜீனியாவின் ஷெனாண்டோவாவில் சுமார் 500 மைல் பாதைகளில் பெரும்பாலானவற்றில் நாயோடு நடக்கலாம். அதற்குத் தெற்கே கிரேட் ஸ்மோக்கி மலைகளிலோ இரண்டே பாதைகள் திறந்துள்ளன. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பொழுதுபோக்குப் பகுதியில், 1979ஆம் ஆண்டுக் கொள்கையொன்று சில கடற்கரைகளில் நாயை வாரின்றி விட இடம் தந்தது. அங்கே வாழும் பனி உப்புக்கொத்தி 1993இல் அழிவு அச்சுறுத்தலுக்கு உள்ளான பறவையாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பூங்கா நிர்வாகம் அந்தக் கொள்கை செல்லாது என்றது. முறையான மக்கள் கருத்துக் கேட்பு இல்லாமல் மாற்ற முடியாது என 2005இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிய விதிக்கான நீண்ட முயற்சி 2017 அக்டோபரில் கைவிடப்பட்டது. நாய் வளர்ப்போரும் பறவை ஆர்வலரும் அங்கே இன்னும் ஒரே மணலைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

பூனைகளுக்கு இருந்த பழைய முழுத்தடை இன்று பொதுவிதியில் இல்லை. நாய்க்குரிய விதியே அவற்றுக்கும் பொருந்தும். ஆனால் கழுத்துப்பட்டையிலிருந்து பூனை எளிதில் நழுவிவிடும். மார்பைச் சுற்றி மாட்டும் வார்தான் அதற்கு ஏற்றது. மேற்கு மாநிலங்களில் மற்றோர் அச்சமும் உண்டு. அங்குள்ள கொறிணிகளின் தெள்ளுப்பூச்சிகளில் பிளேக் கிருமி இன்றும் வாழ்கிறது. அத்தகைய எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கு நோய் விரைவில் தொற்றும். அதைக் கையாளும் மனிதருக்கும் பரவக்கூடும்.

மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் லோகன் கணவாயின் வண்டி நிறுத்துமிடத்துக்கு மலையாடுகளும் பெருங்கொம்பு ஆடுகளும் மனிதரை அஞ்சாமல் வரத் தொடங்கின. அவற்றைத் தொலைவில் நிறுத்த 2016இல் கிரேசி என்னும் பார்டர் கோலி இன நாய் பயிற்சி பெற்றுப் பணிக்கு வந்தது. ஆடுகளைக் கடிக்காமல், பார்வையாலும் நடையாலும் மட்டும் மேட்டுக்கு விரட்டுவதே அதன் வேலை.