லைன் வீடுகள்

கோவையின் நூற்பாலைகளைப் பற்றி எழுதியோர் பலர்; அந்த ஆலைத் தொழிலாளர் தலைசாய்த்த இடத்தைப் பற்றி எழுதியோர் சிலரே. 1888இல் ஸ்டேன்ஸ் துரையின் ஆலையோடு தொடங்கிய தொழில், 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் பிறந்தபின் பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் எனப் பரவிற்று. கொங்குச் சிற்றூர்களிலிருந்து குடும்பங்கள் வந்து சேர்ந்தன. ஆலைகள் கட்டிய குடியிருப்புகள் போதவில்லை. நிலமுடையோர் தம் தோட்டத்தோரம் லைன் வீடுகளை எழுப்பினர்.

ஒரே ஓட்டுக்கூரை, இரு வீட்டாருக்கும் பொதுவான சுவர், ஓர் அறை, அதையொட்டி அடுப்படி. தண்ணீரும் கழிப்பிடமும் வரிசைக்கே பொது. வாடகை குறைந்ததன் காரணம் இதுவே. மீதி விலையைக் குடியிருந்தோர் தம் தனிமையால் செலுத்தினர். இரவு ஷிப்ட் முடித்தவர் பகலில் உறங்கவேண்டி, அண்டை வீட்டுக் குழந்தைகளும் குரலடக்கினர். ஏழைகளின் ஒற்றுமை என்று இதனை நாம் போற்றிப் பேசுவதுண்டு. வேறு வழியின்மை என்பதே பொருத்தம்.

1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுத்தது. எனினும் வாய்ப்பேச்சில் குடியேறியவருள் எத்தனை பேர் நீதிமன்றப் படியேறியிருப்பர்? 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்தியது. ஆனால் இருவரும் வேறுவிதமாய் உடன்பட்டால் இவ்வரம்பு இல்லையாம்! வீடு தேடி நிற்பவர் எதற்குத்தான் உடன்படமாட்டார்?

ஆலைகள் பல மூடப்பட்டன. எஞ்சிய லைன் வீடுகளில் இன்று ஒடிசா, பீகார் இளைஞர் ஓரறைக்கு நால்வராய்த் தங்கித் தலைக்கணக்கில் வாடகை தருகின்றனர்.